ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் உடைகிறதா? ஷெல்செக்கோடு ஒன்றரை வருஷம்

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஷெல் ஸ்கிரிப்டில் உள்ள சிக்கலைக் காட்டும் ஷெல்செக் என்ற இந்தக் கருவியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்று புரியும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அண்ணனும் நானும் ஒரு சின்ன ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம், அப்புறம் தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்மலை வரைக்கும் ரதத்தோடு நடை. படம் எடுப்பது அண்ணன் வேலை, எடுத்ததைப் பத்திரமாக வைப்பது என் வேலை. கேமரா கார்டிலிருந்து மேக்குக்கு, மேக்கிலிருந்து கடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் பெட்டிக்கு, அங்கிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு என்று எல்லாவற்றையும் நானே எழுதிய பேஷ் ஸ்கிரிப்ட் ஒன்றுதான் நகர்த்தும். ஷெல் என்பது நாம் தட்டுகிற கட்டளைகளைப் படித்து ஓட்டுகிற நிரல், பேஷ் அதில் ஒரு வகை, ஸ்கிரிப்ட் என்பது அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஒரு நாள் இடம் பிடிக்கிற பழைய ஃபோல்டர் ஒன்றை அழிக்க வேண்டியிருந்தது. அதன் பெயர் "பழைய தைப்பூசம் 2019". பெயரைக் கொடுத்தால் அழித்துவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு பகுதி வைத்திருந்தேன், உள்ளே இருந்த வரி ஆர்எம் -ஆர்எஃப் $1, அவ்வளவுதான். ஆர்எம் என்பது அழிக்கிற கட்டளை, -ஆர்எஃப் என்றால் உள்ளே இருப்பதோடு சேர்த்துக் கேள்வி கேட்காமல் அழி என்று அர்த்தம், $1 என்பது கூப்பிடும்போது கொடுத்த பெயர் வந்து உட்காருகிற இடம். ஸ்கிரிப்டைக் கூப்பிடும்போது பெயருக்கு மேற்கோள் போட்டுத்தான் கொடுத்தேன். உள்ளே இருந்த $1-ஐச் சுற்றி மேற்கோள் இல்லை. அதனால் ஷெல் அந்தப் பெயரை இடைவெளி உள்ள இடத்தில் எல்லாம் வெட்டி, பழைய, தைப்பூசம், 2019 என்று மூன்று தனித்தனிப் பெயராக ஆர்எம்மிடம் கொடுத்துவிட்டது. முதல் இரண்டு பெயரில் அங்கே எதுவும் கிடையாது, -எஃப் போட்டிருந்ததால் "இல்லையே" என்று ஒரு புகார்கூட வரவில்லை. மூன்றாவது பெயரில் இருந்தது. 2019 என்பது அந்த வருஷம் முழுக்க நாங்கள் எடுத்த எல்லா நிகழ்ச்சிகளும் உள்ள ஃபோல்டர்.

அழிய வேண்டியது அப்படியே இருந்தது, இருக்க வேண்டியது போய்விட்டது. நான்கு நாள் கழித்துத்தான் கவனித்தேன். வெளி டிஸ்க்கில் ஆகஸ்ட் வரைக்கும் பிரதி இருந்தது, அதற்குப் பிறகு எடுத்ததில் சிலது வாடிக்கையாளர்களிடம் கொடுத்த பென் டிரைவிலிருந்து திரும்பக் கிடைத்தது, நான்கு நிகழ்ச்சிகள் கிடைக்கவே இல்லை. அதில் ஒன்று புக்கிட் மெர்தாஜாமில் நடந்த அறுபதாம் கல்யாணம். அப்பா தவறிவிட்டார், பெரிதாக ஒரு படம் போட்டு வைக்க வேண்டும் என்று மகள் கடைக்கு வந்தபோது அவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் பகுதியில் வேலை செய்கிற தம்பி ஒருவர் எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். நடந்ததைச் சொன்னேன். ஸ்கிரிப்டைக் காட்டச் சொன்னார், இரண்டு நிமிஷம் பார்த்தார், "அண்ணே, இத ஷெல்செக்ல போட்டுப் பாத்தீங்களா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "ஒரு வரி மட்டும் இல்ல அண்ணே, இதுல நெறைய இருக்கு. அதுவே காட்டும், பாருங்க."

ஷெல்செக் என்பது ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பார்த்து எந்த வரியில் என்ன சிக்கல் வரும் என்று சொல்கிற ஒரு நிரல். விடார் ஹோலன் என்பவர் 2012-இல் தொடங்கியது, ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது, ஜிபிஎல் 3 உரிமத்தில் இலவசம். உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸில் ஏபிடி மூலமாகவும் மேக்கில் ஹோம்பிரூ மூலமாகவும் ஒரே வரியில் இறங்கிவிடும், எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ஷெல்செக் டாட் நெட் என்ற பக்கத்தில் ஸ்கிரிப்டை ஒட்டினாலே போதும். நான் முதலில் அப்படித்தான் செய்தேன், தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. 140 வரி ஸ்கிரிப்டுக்கு 31 குறிப்பு வந்தது. அதில் 19 ஒரே வகைச் சிக்கல், அந்த வகைக்கு ஷெல்செக் வைத்திருக்கிற எண் எஸ்சி2086.

அந்த எண் எனக்கு இப்போது மனப்பாடம். மேற்கோள் இல்லாத வேரியபிளுக்கு, அதாவது $1 மாதிரி ஒரு மதிப்பைத் தாங்குகிற பெயருக்கு, அடியில் ஒரு கூரை மாதிரிக் குறி போட்டு, இரட்டை மேற்கோள் போடுங்கள், இல்லையென்றால் சொல் பிளந்துவிடும், நட்சத்திரக் குறிகளும் விரிந்துவிடும் என்று சொல்கிறது. அதோடு நிறுத்தாமல், இப்படி எழுத நினைத்தீர்களா என்று திருத்திய வரியையும் கீழே காட்டுகிறது. என் ஃபோல்டரை அழித்த அதே வரி பட்டியலில் ஏழாவதாக இருந்தது. ஒரு மாசம் முன்னால் இதை ஒரு தடவை ஒட்டியிருந்தால் போதும் என்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சரி, இடைவெளி ஏன் இப்படி உடைக்கிறது என்பது எனக்குப் பல வருஷமாகத் தப்பாகத்தான் புரிந்திருந்தது. ஸ்கிரிப்டைக் கூப்பிடும் இடத்தில் மேற்கோள் போட்டால் அது பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் வரும் என்று நினைத்திருந்தேன். வராது. மேற்கோள் என்பது ஷெல்லுக்கு நாம் சொல்கிற குறிப்பு, ஷெல் அதைப் படித்ததும் எடுத்துவிடும், உள்ளே போவது வெறும் பெயர்தான். உள்ளே $1 என்று எழுதிய இடத்தில் ஷெல் முதலில் அதன் மதிப்பைக் கொண்டுவந்து வைக்கிறது, பிறகு அந்த மதிப்பை இடைவெளி, டேப், புதுவரி இருக்கிற இடத்தில் வெட்டுகிறது, பிறகு ஒவ்வொரு துண்டிலும் நட்சத்திரம் மாதிரிக் குறி இருந்தால் அதைப் பொருந்தும் ஃபைல் பெயர்களாக விரிக்கிறது. "$1" என்று இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் வெட்டுவதும் நடக்காது, விரிப்பதும் நடக்காது. ஆகவே வேரியபிளைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் மறுபடி மறுபடி போட வேண்டும். ஷெல்செக்கின் ஒவ்வொரு எண்ணுக்கும் விக்கியில் தனிப் பக்கம் இருக்கிறது, தப்பான வரி மேலே, சரியான வரி கீழே, அதற்குக் கீழே காரணம். எனக்கு இது புரிந்தது அங்கேதான்.

இன்னொரு குழப்பத்துக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. மேக்கின் டெர்மினலில் நான் வரியைத் தட்டிப் பார்க்கும்போது மேற்கோள் இல்லாமலே சரியாக ஓடும், அதையே ஸ்கிரிப்டில் ஒட்டி லினக்ஸ் பெட்டியில் ஓட்டினால் உடையும். காரணம் என்னவென்றால், 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் இயல்பாக வருவது இசட்எஸ்எச் என்ற இன்னொரு ஷெல், அது வேரியபிளின் மதிப்பை இயல்பாக வெட்டுவதில்லை. பேஷ் வெட்டும். மேக்கில் சோதித்துவிட்டு லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் இதில் கண்டிப்பாக மாட்டுவார்கள்.

மேற்கோள் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று 19 இடத்திலும் போட்டேன். தீரவில்லை, புதிதாக மூன்று இடம் உடைந்தது, இந்தக் கருவிமேல் எனக்கு மரியாதை வந்தது அந்த மூன்றையும் அது கையாண்ட விதத்தில்தான். ஒன்று, ஃபோல்டரில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக எடுக்க, பெயர்களைப் பட்டியலிடுகிற எல்எஸ் கட்டளையின் விடையை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை ஓடுகிற ஃபார் வளையத்தில் போட்டிருந்தேன், அது இடைவெளியில் வெட்டுகிறதே என்று அதைச் சுற்றியும் மேற்கோள் போட்டேன். இப்போது 300 படத்தின் பெயரும் சேர்ந்து ஒரே நீளமான பெயராகி, வளையம் ஒரே ஒரு தடவை ஓடி, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று நின்றது. ஷெல்செக் அதைச் சரியாகப் பிடித்தது: மேற்கோள் போட்டுவிட்டீர்கள், ஆகவே இந்த வளையம் ஒரு முறைதான் ஓடும், எஸ்சி2066. எல்எஸ்ஸைத் தூக்கிவிட்டு நேராக ./* (இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாம்) என்று எழுதினால் ஷெல்லே பெயர்களை எடுத்துக்கொடுக்கும், அப்படி வருகிற பெயர்களை அது மறுபடி வெட்டாது. முன்னால் ./ போடுவதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் அண்ணன் சில ஃபைலுக்கு முன்னால் ஒரு கோடு போட்டு "-கடைசி" என்று பெயர் வைப்பார், கட்டளைகள் அதை ஃபைல் என்று நினைக்காமல் ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். ./ இருந்தால் அந்தக் குழப்பம் கிடையாது. இதற்கும் ஒரு எண் இருக்கிறது, எஸ்சி2035.

இரண்டாவது, வீட்டு ஃபோல்டரைக் குறிக்கிற டில்டே. ~/ என்று தொடங்குகிற பாத்தை (ஃபைல் இருக்கிற இடத்தைச் சொல்கிற முகவரி) மேற்கோளுக்குள் போட்டதும் டில்டே விரியாமல் அப்படியே எழுத்தாக நின்று, ~ என்றே ஒரு ஃபோல்டர் உருவாகிவிட்டது. அதை அழிக்கப் போகும்போது என் கை நடுங்கியது, ஏனென்றால் மேற்கோள் இல்லாமல் ஆர்எம் -ஆர்எஃப் ~ என்று தட்டினால் போவது வீட்டு ஃபோல்டர் முழுதும். ஷெல்செக் இதை எஸ்சி2088 என்று காட்டி ஹோம் வேரியபிளை எழுதச் சொல்கிறது.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது. காப்பி எடுக்கிற ஆர்சிங்க் கட்டளைக்கான ஆப்ஷன்கள், விலக்க வேண்டிய ஃபோல்டர் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வேரியபிளில் எழுத்தாக வைத்திருந்தேன், இடைவெளி உள்ள பெயருக்கு உள்ளே ஒரு மேற்கோளும் போட்டு. அது வேலை செய்யாது. வேரியபிளுக்குள் இருக்கிற மேற்கோள் வெறும் எழுத்து, ஷெல் அதை மேற்கோளாகப் பார்ப்பதே இல்லை. எஸ்சி2089 சொல்வது: அரே (பல மதிப்புகளைத் தனித்தனியாக வைக்கிற பட்டியல்) பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஆப்ஷனையும் அரேயில் தனித்தனி உறுப்பாக வைத்து, கூப்பிடும்போது மொத்த அரேயையும் மேற்கோளோடு விரித்தால் ஒவ்வொன்றும் முழுதாகப் போய்ச் சேரும். இதே விதிதான் ஸ்கிரிப்டுக்கு வந்த எல்லாப் பெயர்களையும் இன்னொரு கட்டளைக்குக் கடத்தும்போதும்: $* என்று எழுதினாலும் $@ என்று எழுதினாலும் வெட்டுப்படும், "$*" எல்லாவற்றையும் ஒரே பெயராக ஒட்டிவிடும், "$@" மட்டும்தான் வந்தது வந்தபடி கொடுக்கும். அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிச் சிக்கல் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற ஆலோசனை, "பெயரில் இடைவெளியே விடாதீங்க, அடிக்கோடு போடுங்க" என்பதுதான். என் ஸ்கிரிப்டுக்குள் நானே உருவாக்குகிற ஃபைல்களுக்கு நானும் அடிக்கோடுதான் போடுகிறேன். ஆனால் எங்களுக்கு வருகிற பெயர்கள் எங்களுடையது இல்லை. இந்த ஊரில் நம் ஆட்களின் முழுப்பெயர் என்றாலே தன் பெயர், அப்புறம் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். அந்தச் சாய்கோட்டை ஃபைல் பெயரில் போடவே முடியாது, லினக்ஸில் பாத்தைப் பிரிக்கிற குறியே அதுதான், ஆகவே எல்லாரும் அந்த இடத்தில் இடைவெளி விடுகிறார்கள். ஒரு ஆளின் பெயருக்குள்ளேயே மூன்று இடைவெளி. வாட்ஸ்அப்பிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்குகிற படத்தின் பெயரில் தேதிக்கு முன்னும் பின்னும் இடைவெளி. நிறுவனக் கணக்கில் ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஃபோல்டரின் பெயரிலேயே இடைவெளி, நடுவில் கோடு, மறுபடி இடைவெளி. விண்டோஸில் நிரல்கள் உட்காருகிற புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரே 1995-இலிருந்து இடைவெளியோடுதான் இருக்கிறது. மனிதர்கள் பெயரை எப்படி எழுதுகிறார்களோ அப்படியே ஃபைலுக்கும் வைப்பார்கள், அது தப்பே இல்லை, அதைச் சிந்தாமல் எடுத்துப்போக வேண்டியது ஸ்கிரிப்ட் எழுதுகிற நம் பொறுப்பு. ஒரு குடும்பத்தின் கல்யாணப் படத்துக்கு அவர்கள் வைத்த பெயரை என் வசதிக்காக நான் மாற்றக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நமக்கு மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2 நிறுவியில் ஒரு பாத்துக்கு மேற்கோள் இல்லாமல் போய், டிஸ்க் பெயரில் இடைவெளி இருந்த சிலருக்கு உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து, அவசரமாக 2.0.1 விட வேண்டியிருந்தது. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் நிரலின் ஸ்கிரிப்டில் ஆர்எம் வரியில் தப்பி விழுந்த ஒரே ஒரு இடைவெளி, நிரல்கள் இருக்கிற /யுஎஸ்ஆர் ஃபோல்டரையே அழித்தது. 2015 தொடக்கத்தில் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலின் ஸ்கிரிப்ட் வேறு மாதிரி: அங்கே மேற்கோள் சரியாகவே இருந்தது, ஆனால் வேரியபிள் காலியாக இருந்ததால் பாத் வெறும் /, அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கிறது, ஆகி, பயனரின் ஃபைல்கள் போயின. இந்த மூன்று வகைக்குமே இப்போது ஷெல்செக்கில் எண் இருக்கிறது. கடைசி வகைக்கு வருகிற எஸ்சி2115 எனக்கு ரொம்பப் பிடித்தது: வேரியபிள் பெயருக்குப் பக்கத்தில் :? சேர்க்கச் சொல்லும், அது காலியாக இருந்தால் அழிக்கிற வரி ஓடாமல் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அழிக்கிற வரி எங்கே எழுதினாலும் இப்போது நான் இதைச் சேர்க்காமல் விடுவதில்லை.

குறைகள் இருக்கின்றன, அதையும் நேராகச் சொல்கிறேன்.

முதல் குறை எனக்குக் கோபமே வருகிற குறை. குறிப்புகளை அது பிழை, எச்சரிக்கை, தகவல், நடை என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. என் ஃபோல்டரை அழித்த எஸ்சி2086 அதில் வெறும் தகவல். பச்சை நிறத்தில் வருகிறது. நிறையப் பேர் சத்தம் குறையட்டும் என்று எச்சரிக்கைக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டச் சொல்லி வைத்துவிடுகிறார்கள், அப்படி வைத்தால் இடைவெளி பற்றிய மிக முக்கியமான குறிப்பு காணாமல் போய்விடும். மேற்கோள் இல்லாத வேரியபிள்களில் பெரும்பாலானவை நடைமுறையில் எதையும் உடைப்பதில்லை என்பது அவர்கள் பக்க நியாயமாக இருக்கலாம், ஆர்எம்முக்குப் பக்கத்தில் வரும்போதாவது தரத்தை உயர்த்தியிருக்கலாம். தயவுசெய்து தர வடிகட்டியைத் தொடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு வரியில் வேண்டுமென்றேதான் மேற்கோள் போடவில்லை என்றால், அந்த வரிக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதி அந்த எண்ணை மட்டும் அங்கே அணைக்க முடியும், அது போதும்.

இரண்டாவது, அது ஸ்கிரிப்டைத்தான் படிக்கும், உங்கள் ஃபோல்டரைப் பார்க்காது. மேக்கில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் புதிய பதிப்புகளில் நேரத்துக்கும் ஏஎம், பிஎம் என்ற எழுத்துக்கும் நடுவே வருவது சாதாரண இடைவெளியே இல்லை, வேறு ஒரு ஒடுங்கிய இடைவெளி எழுத்து, பார்க்க ஒன்று போலவே இருக்கும். கையால் பெயரைத் தட்டினால் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வரும். அரை நாள் போச்சு எனக்கு. ஷெல்செக்கால் இதில் ஒன்றும் செய்ய முடியாது, டேப் விசையை அழுத்திப் பெயரை ஷெல்லையே நிரப்பச் சொல்வதுதான் வழி. இதே மாதிரி, எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், எல்எஸ் போட்டால் இடைவெளி உள்ள பெயர்கள் ஒற்றை மேற்கோளோடு வருவதைப் பார்த்துவிட்டு, மேற்கோளும் பெயரில் ஒரு பகுதி என்று நினைத்து அதை நீக்க முயன்றுகொண்டிருந்தான். அது 2016-இல் வந்த கோர்யுடில்ஸ் (லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு) 8.25-இலிருந்து எல்எஸ் திரைக்காக மட்டும் போட்டுக் காட்டுகிற மேற்கோள், ஃபைலில் கிடையாது.

மூன்றாவது, நெட்வொர்க் தாண்டிப் போகிற பாத்கள். இங்கிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை அனுப்பினால், அங்கே இருக்கிற ஷெல் அதை மறுபடி ஒரு தடவை வெட்டும். இங்கே போட்ட மேற்கோள் இங்கேயே தீர்ந்துவிட்டது. ஃபைலை அப்படி நெட்வொர்க் வழியாகக் காப்பி எடுக்கிற எஸ்சிபியில் முன்பெல்லாம் அந்தப் பக்கத்துப் பாத்துக்கு இரண்டு அடுக்கு மேற்கோள் போட வேண்டியிருந்தது, எஸ்சிபியைத் தருகிற ஓபன்எஸ்எஸ்எச் 9.0-இல் அது எஸ்எஃப்டிபி என்ற வேறு முறைக்கு மாறிய பிறகு தேவையில்லை, ஆர்சிங்க்கும் 3.2.4-இலிருந்து தானே பார்த்துக்கொள்கிறது, இரண்டும் 2022-இல் வந்தவை. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷெல்செக்கில் எந்தப் பக்கம் விரிகிறது என்று ஒரு குறிப்பு வரும், ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது.

விண்டோஸ் பேட்ச் ஃபைலுக்கோ பவர்ஷெல்லுக்கோ இது உதவாது, இசட்எஸ்எச் ஸ்கிரிப்டையும் படிக்காது. எஸ்எச், பேஷ், டேஷ், கேஎஸ்எச், 0.10 பதிப்பிலிருந்து பிஸிபாக்ஸ், அவ்வளவுதான். கடையின் பில் போடுகிற விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு பேட்ச் ஃபைலை நான் கையால்தான் சரிசெய்தேன், அங்கே "%~1" என்று எழுதினால் வந்த மேற்கோளைக் கழற்றிவிட்டு நம் மேற்கோளைப் போடும், இரட்டிப்பாகாது. விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் அந்தப் பையனுக்கு ஒவ்வொன்றாக நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. தமிழில் யாராவது அந்த 20, 30 முக்கியமான எண்களுக்கு மட்டும் விளக்கம் எழுதினால் பெரிய உதவி.

ஷெல்செக் இல்லாமலே சமாளிக்கலாம் என்று சிலர், எந்த எழுத்தில் வெட்ட வேண்டும் என்று ஷெல்லுக்குச் சொல்கிற ஐஎஃப்எஸ் வேரியபிளைப் புதுவரிக்கு மட்டும் மாற்றிவைக்கச் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். இடைவெளியில் வெட்டுவது நிற்கும், நட்சத்திரம் விரிவது நிற்காது, பெயருக்குள் புதுவரி இருந்தால் மறுபடி உடையும். லினக்ஸில் ஃபைல் பெயரில் / குறியும் நுல் எழுத்தும் (மதிப்பு பூஜ்யமான எழுத்து) தவிர எதுவும் வரலாம் என்பதால், ஃபைல்களைத் தேடுகிற ஃபைண்டிலிருந்து, வருகிற பெயர்களை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கிற எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பெயர்களை அனுப்பும்போது நுல்லால் பிரித்து அனுப்புவதுதான் உறுதியான வழி, ஃபைண்டில் -பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸில் -0. பல வருஷமாக எல்லாரும் பயன்படுத்திய இது, யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களுக்கான 2024 போசிக்ஸ் தரத்திலேயே சேர்ந்துவிட்டது. இதை மறந்தாலும் ஷெல்செக் எஸ்சி2038 என்று நினைவுபடுத்தும்.

பயன்படுத்துகிற முறை பற்றி ஒன்றிரண்டு. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் இதற்கு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, எழுதும்போதே அடிக்கோடு விழும், தனியாக ஓட்ட வேண்டியதில்லை, நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய ஸ்கிரிப்டில் நூறு இடத்தில் மேற்கோள் போட வேண்டியிருந்தால் மாற வேண்டிய வரிகளைக் காட்டுகிற டிஃப் வடிவத்தில் விடை கேட்கலாம், கொடுத்த திருத்தங்களை அப்படியே கிட் (மாற்றங்களைப் பதிவு வைக்கிற நிரல்) மூலம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள், வேண்டுமென்றே பல ஆப்ஷனை ஒரே வேரியபிளில் வைத்திருந்த இடத்திலும் மேற்கோள் விழுந்து அந்தக் கட்டளை உடைந்துவிடும், எனக்கு ஒரு இடத்தில் அப்படி ஆனது. அங்கே வேண்டியது அரே.

ஷெல்செக் சுத்தம் என்று சொன்ன பிறகும் நான் ஒரு வேலை செய்கிறேன். வதை என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், அதற்குள் வெறும் காலி ஃபைல்கள், பெயர்கள்தான் விஷயம்: இரண்டு இடைவெளி சேர்ந்தாற்போல் வருகிற ஒன்று, இடைவெளியில் தொடங்குகிற ஒன்று, முன்னால் கோடு உள்ள ஒன்று, ஒற்றை மேற்கோள் உள்ள ஒன்று, பெயரிலேயே நட்சத்திரம் உள்ள ஒன்று, நடுவில் ஏ எல் என்று வருகிற நீளமான பெயர் ஒன்று, "பழைய தைப்பூசம் 2019" என்று ஒரு ஃபோல்டர், அதற்குப் பக்கத்தில் வெறும் 2019 என்று இன்னொரு ஃபோல்டர். எந்த ஸ்கிரிப்டைத் தொட்டாலும் முதலில் இதன் பிரதி ஒன்றில்தான் ஓட்டுவேன். முதல் ஃபோல்டரை அழிக்கச் சொன்ன பிறகு இரண்டாவது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஸ்கிரிப்ட் உண்மையான படங்கள் பக்கம் போகும்.

ஒன்றரை வருஷத்தில் அந்த 140 வரி 210 வரி ஆகிவிட்டது. இந்தத் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம், தங்க ரதம் என்று தனித்தனி ஃபோல்டராக வந்த படங்கள் எல்லாம், ஒரு பெயர்கூட மாறாமல், மூன்று இடத்திலும் பிரதியோடு உட்கார்ந்திருக்கின்றன. ஷெல்செக்கில் இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு குறிப்பு, எஸ்சி1090, வேறு ஃபைலிலிருந்து அமைப்புகளை எடுக்கிற வரியை அதால் பின்தொடர முடியவில்லை என்கிறது. அந்த வரியிலும் பாத்தைச் சுற்றி மேற்கோள் இருக்கிறது.